மிட்சமர் பார்க்கப் போகும் தீபாவுக்கு: குடும்பக் குழுவில் ஓர் இரவு

தீபா: எல்லாரும் சாப்பிட்டாயிற்றா? ஒரு யோசனை கேட்கணும். ‘மிட்சமர் மர்டர்ஸ்’ என்ற ஆங்கிலத் துப்பறியும் தொடரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். 1997-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதாமே! எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கணுமா, நடுவில் எங்காவது தொடங்கலாமா?

வசந்தா அத்தை: முதலிலிருந்து. வேறு பேச்சே இல்லை.

மீனாக்கா: அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை தீபா. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத் தனிக்கதை. கொலை, விசாரணை, கைது எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். நான் 2016-ல் வந்த ஒரு கதையில்தான் ஆரம்பித்தேன். எல்லாமே புரிந்தது.

வசந்தா அத்தை: கதை புரியும் மீனா. டாம் பார்னபியை விட்டுவிடுவாளே!

ரகு சித்தப்பா: வந்துவிட்டேன். முதலில் ஒன்று: யாரும் கொலையாளி யார் என்று சொல்லிவிடாதீர்கள். தீபா இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை.

தீபா: நன்றி சித்தப்பா 🙏 டாம் பார்னபிதான் துப்பறிகிறவரா?

ரகு சித்தப்பா: ஆமாம், போலீஸில் தலைமை ஆய்வாளர். கரோலின் கிரஹாமின் நாவல்களிலிருந்து வந்த பாத்திரம். பார்னபியை வைத்து அவர் எழுதியது ஏழே நாவல். தொடரோ நூறு கதைகளைத் தாண்டிப் போய்விட்டது. முதல் கதை 1997 மார்ச் 23 அன்று இங்கிலாந்தில் ஐடிவி தொலைக்காட்சியில் வந்தது. திரைக்கதை ஆன்டனி ஹோரோவிட்ஸ். 2011 வரை ஜான் நெட்டில்ஸ்தான் டாம் பார்னபி, 81 கதைகள். அதற்கு அப்புறம் நீல் டட்ஜன் வந்தார். டாமின் ஒன்றுவிட்ட தம்பி ஜான் பார்னபியாக.

தீபா: பெயர் மட்டும் அதே பார்னபி. நல்ல ஏற்பாடு.

ரகு சித்தப்பா: இன்னொரு விஷயம் கேள். இதே நீல் டட்ஜன் 2000-ல் ‘கார்டன் ஆஃப் டெத்’ என்ற கதையில் தோட்டக்காரராக வந்து போயிருக்கிறார். அப்போது டாம் பார்னபி விசாரித்த ஆட்களில் அவரும் ஒருவர்!

கார்த்தி: அம்மா பார்க்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓர் அழகான கிராமம், ஒரு போட்டியோ விழாவோ, ஒரு கொலை. அதைப் பார்த்த ஒருவர் போலீஸிடம் போகாமல் கொலையாளியை மிரட்டிப் பணம் கேட்பார், அடுத்த கொலை அவர். மூன்றாவதும் ஆனபிறகு குற்றவாளியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். எப்போதும் ஒரே அச்சு. எனக்கு அலுத்துவிட்டது மாமா.

பெரியம்மா: அந்த ஒரே அச்சுதான் எனக்கு வேண்டியிருக்கிறது கார்த்தி.

பெரியம்மா: மனது சரியில்லாத நாளில் புதிதாக எதையும் பார்க்கத் தெம்பு இருப்பதில்லை. இதில் என்ன நடந்தாலும் கடைசியில் உண்மை வெளியே வந்துவிடும், பார்னபி வீட்டுக்குப் போய்விடுவார் என்று தெரியும். அந்த ஓட்டு வீடுகள், ரோஜாக் கொடிகள், பழைய தேவாலயம், பச்சைப் புல்வெளி, இவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். யார் கொன்றார்கள் என்று பாதி நாள் மறந்தே போகும். அதனால் அதே கதையைத் திரும்பவும் பார்க்கலாம்.

மீனாக்கா: அம்மா சொல்வது ரொம்பச் சரி. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர் சாகிறார்கள், ஆனாலும் பார்த்து முடித்தால் மனசு லேசாக இருக்கிறது. ரத்தத்தை அதிக நேரம் காட்டுவதில்லை. பார்னபி கத்துவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. வீட்டில் அவருக்காக ஒருவர் காத்திருக்கிறார். மற்ற துப்பறியும் தொடர்களில் வரும் ஆய்வாளர்கள் எல்லாம் குடியும் விவாகரத்துமாக அல்லாடுகிறார்கள். அதைப் பார்த்தால் நமக்கும் மனசு பாரமாகிவிடுகிறது.

வசந்தா அத்தை: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். டாமின் மனைவி ஜாய்ஸ் இருக்கிறாரே, அவர் சேராத சங்கம் இல்லை. நாடகக் குழு, ஓவிய வகுப்பு, சேர்ந்திசை. ‘ஜட்ஜ்மென்ட் டே’ கதையில் சிறந்த கிராமத்தைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களில் அவரும் ஒருவர். இவர் வேலைக்குப் போகிற இடத்துக்கு அவர் பொழுதுபோக்குக்காக முன்னாலேயே போயிருப்பார். ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற செய்தி சாப்பாட்டு மேசையில் கிடைத்துவிடும். அவர் சமையல் நன்றாக இருக்காது, டாம் முகம் கோணாமல் சாப்பிடுவார். அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

ரகு சித்தப்பா: அந்த ‘ஜட்ஜ்மென்ட் டே’யில் ஹாலிவுட் நடிகர் ஆர்லாண்டோ ப்ளூம் இளவயதில் வருவார் அக்கா. பாவம், வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் குத்தியே கொன்றுவிடுவார்கள்.

வசந்தா அத்தை: ரகு! நீதானே எதையும் சொல்லாதே என்றாய்?

ரகு சித்தப்பா: செத்தவர் பெயரைத்தானே சொன்னேன் அக்கா, கொன்றவர் பெயரை இல்லை 😊

தீபா: பரவாயில்லை சித்தப்பா. அத்தை, அப்படியென்றால் ஜான் பார்னபி வந்த பிறகு உங்களுக்குப் பிடிக்கவில்லையா?

வசந்தா அத்தை: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வசந்தா அத்தை: முதல் கதை ‘தி கில்லிங்ஸ் அட் பேட்ஜர்ஸ் ட்ரிஃப்ட்’. வயதான ஓர் அம்மாள், எமிலி சிம்ப்சன், அபூர்வமான ஆர்க்கிட் பூவைத் தேடிக் காட்டுக்குள் போகிறார். அங்கே பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிடுகிறார். அப்புறம் வீட்டில் இறந்து கிடக்கிறார். வயதானவர்தானே என்று ஊர் விட்டுவிடப் பார்க்கிறது. அவருடைய தோழி லூசி பெல்ரிங்கர் மட்டும் இது கொலைதான் என்று பார்னபியிடம் வந்து நிற்கிறார். அவரும் ஒரு கிழவி. வேறு யாராக இருந்தாலும் ‘சரிம்மா, வீட்டுக்குப் போங்கள்’ என்று அனுப்பியிருப்பார்கள். பார்னபி காது கொடுத்துக் கேட்கிறார். அந்த ஒரு காட்சி போதும் எனக்கு. அதற்கு மேல் அந்தக் கொலை எங்கிருந்து வருகிறது என்று பார். அந்த ஊர் மூடி வைத்திருந்த பழைய ரகசியத்திலிருந்து. நிலம், சொத்து, யாருக்கு யார் பிள்ளை, யார் யாரை ஏமாற்றினார்கள், இப்படி முளைக்கிற கொலைக்கு ஒரு கனம் இருக்கிறது. பின்னால் வந்தவற்றில் முதலில் ஒரு பொழுதுபோக்கை எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கேற்ற மாதிரி ஒரு விசித்திரச் சாவு, அப்புறம்தான் காரணம் தேடுகிறார்கள். ஒரு பெண்ணைப் பெரிய பாலாடைக்கட்டி வட்டு ஒன்றால் நசுக்கிக் கொல்கிறார்கள். பார்த்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மீனாக்கா: ‘ஸ்கூல்ட் இன் மர்டர்’, 2013. எனக்கு அது பிடிக்கும் அத்தை! அந்த ஊரே பாலாடைக்கட்டிப் பண்ணையை நம்பி வாழ்கிறது, அதனால் அந்தச் சாவு அங்கே பொருந்துகிறது.

ரகு சித்தப்பா: அக்கா, ஒன்று சொல்கிறேன். ‘ஹிடன் டெப்த்ஸ்’ 2005. ஒருவரைப் புல்தரையில் கட்டிப் போட்டு, கல்லெறியும் பழங்காலப் பொறியை வைத்து ஒயின் பாட்டில்களை வீசிக் கொல்வார்கள். அது டாம் காலத்துக் கதைதான்.

வசந்தா அத்தை: தெரியும் ரகு. அதையும் நான் பிடித்த பட்டியலில் வைக்கவில்லை. ஆள் மாறியதைப் பற்றி நான் பேசவில்லை. எழுத்து மாறியதுதான் எனக்குக் குறை. அந்த மாற்றம் டாம் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. நாவல்களை வைத்து எடுத்த முதல் சில கதைகளையும் அதையொட்டி வந்தவற்றையும் பார், அப்புறம் நீயே சொல்.

மீனாக்கா: சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜானுக்காக நான் பேசியே ஆகணும். டாம் அந்தப் பகுதி ஆள், ஊருக்கு ஊர் ஆளைத் தெரியும். ஜான் வெளியிலிருந்து வந்தவர், உளவியல் படித்தவர். எதிரில் இருப்பவர் பொய் சொல்லும்போது ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் அவர்களே உளறிவிடுவார்கள். டட்ஜன் அந்த இடத்தில் கண்ணாலேயே நடிக்கிறார். மனைவி சேரா பள்ளித் தலைமை ஆசிரியர், அவரும் சளைத்தவர் இல்லை. பிணப் பரிசோதனை மருத்துவராக வரும் ஃப்ளர் பெர்கின்ஸைப் பாருங்கள், ஆனெட் பேட்லண்ட் நடிப்பு. வயதான ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கம்பீரமான பாத்திரம் எத்தனை தொடரில் கொடுக்கிறார்கள்?

பெரியம்மா: ஜானின் நாய் சைக்ஸை விட்டுவிட்டாயே மீனா.

மீனாக்கா: ஐயோ ஆமாம்மா ❤️ சைக்ஸுக்காகவே பார்க்கலாம்.

கார்த்தி: உதவி ஆய்வாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்களே, யார் யார் வந்தார்கள்?

ரகு சித்தப்பா: ட்ராய், ஸ்காட், ஜோன்ஸ், நெல்சன், வின்டர். முதல் ஆள் கேவின் ட்ராய்தான் என் கணக்கில் முதலிடம். வண்டியைத் தாறுமாறாக ஓட்டுவான், அவசரப்பட்டு முடிவுக்கு வருவான், பார்னபி ஒவ்வொன்றாகத் திருத்துவார். கதைக்குக் கதை அவன் கொஞ்சம் வளர்வது தெரியும். முதலிலிருந்து பார்த்தால்தான் அது பிடிபடும் தீபா. இதில் நான் அக்கா கட்சி.

மீனாக்கா: இன்னொன்றும் பேசணும், இங்கே இங்கிலாந்தில் இருப்பதால் எனக்கு இது மனதில் தைத்த விஷயம். 2011-ல் இந்தத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ட்ரூ-மே ஒரு பேட்டி கொடுத்தார். இந்தக் கிராமங்களில் வேற்று இனத்தவர் வந்தால் தொடர் எடுபடாது என்று சொன்னார். பெரிய சர்ச்சை. நிறுவனம் அவரை இடைநீக்கம் செய்தது, பிறகு அவர் விலகிவிட்டார். 2016-ல் மஞ்சிந்தர் விர்க் மருத்துவர் காம் கரிமோராக வந்தார். நான் பார்க்கத் தொடங்கியதே அப்போதுதான். நம் நிறத்தில் ஒரு பெண், பிணத்தின் பக்கத்தில் நின்று பார்னபிக்கே பாடம் சொல்கிறாள், கிராமம் கிராமமாகவே இருக்கிறது, தொடர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பழைய கதைகளைப் போய்ப் பார்க்கும்போது அந்தக் குறை எனக்கு உறுத்துகிறது அத்தை. அழகாக இருக்கின்றன, ஆனால் அங்கே எனக்கு இடம் இல்லை.

வசந்தா அத்தை: நீ சொல்வது நியாயம்மா. எத்தனையோ தடவை பார்த்தேன், இந்தக் கோணத்தில் யாரும் என்னிடம் பேசியதில்லை.

கார்த்தி: நல்லாச் சொன்னாய் மீனா.

பெரியம்மா: அந்த ஆரம்ப இசையைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே. யாரோ வாய் திறக்காமல் பாடுகிற மாதிரி ஒரு நடுக்கம். என்ன வாத்தியம் அது?

ரகு சித்தப்பா: தெரமின் அண்ணி. வாசிப்பவர் வாத்தியத்தைத் தொடவே மாட்டார். அதைச் சுற்றி மின்காந்தப் புலம் இருக்கும். ஒரு கையை அருகே கொண்டுபோனால் சுருதி ஏறும், இன்னொரு கை ஒலியைக் கூட்டும் குறைக்கும். இசையமைத்தவர் ஜிம் பார்க்கர், தெரமின் வாசித்தவர் சீலியா ஷீன். வால்ட்ஸ் நடனத் தாளம், அதனால் கேட்க இதமாக இருக்கிறது. மேலே அந்த நடுக்கம், அதனால் முதுகு சில்லிடுகிறது. தொடர் முழுவதும் என்ன செய்யப் பார்க்கிறார்களோ அது அந்த இசையிலேயே இருக்கிறது.

மீனாக்கா: தொடரில் காஸ்டன் என்று ஓர் ஊர் வருகிறதே, நிஜத்தில் அது ஆக்ஸ்போர்ட்ஷயரில் உள்ள வாலிங்ஃபோர்ட். நான் போய்ப் பார்த்தேன். தொடரில் நாடக அரங்கமாக வரும் ‘கார்ன் எக்ஸ்சேஞ்ச்’ கட்டடம் சதுக்கத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. உள்ளே நிஜமாகவே நாடகம் போடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அந்த நாடகக் குழுவுக்கு அகதா கிறிஸ்டி தலைவராக இருந்திருக்கிறார். அவர் கடைசிவரை வாழ்ந்ததும் 1976-ல் இறந்ததும் அந்த ஊரை ஒட்டித்தான்.

ரகு சித்தப்பா: அடடா. மர்மக்கதைக்கு அதைவிடப் பொருத்தமான மண் கிடையாது.

தீபா: சரி, முடிவு செய்துவிட்டேன். இன்று இரவே முதல் கதை. நாளை சொல்கிறேன்.

*மறுநாள்*

தீபா: பார்த்துவிட்டேன்!!

வசந்தா அத்தை: சொல் சொல்.

தீபா: தூங்கவே நேரமாகிவிட்டது அத்தை. எல்லாரும் இதமான தொடர் என்றீர்கள், இந்தக் கடைசிக் கால் மணி நேரம் இதமாகவே இல்லையே. காரணம் தெரிந்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் நீங்கள் சொன்னது புரிந்தது. அதற்கான விதை முதல் காட்சியிலேயே இருக்கிறது. எனக்கு எல்லாரையும்விடப் பயமாக இருந்தது, தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஊரையே வேவு பார்க்கிற அந்த ரெயின்பேர்ட் அம்மாளும் அவர் மகனும்தான். அவர்கள் சிரிக்கிற சிரிப்பே போதும்.

ரகு சித்தப்பா: அந்த அம்மாளாக வருவது எலிசபெத் ஸ்ப்ரிக்ஸ், என்ன நடிகை! 2006-ல் ‘டெட் லெட்டர்ஸ்’ கதையில் அதே அம்மாவும் மகனுமாக நடித்த இருவரும் வேறு பாத்திரங்களில் திரும்ப வருகிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் நீ எங்களைவிடப் பெரிய ரசிகை ஆகிவிடுவாய்.

மீனாக்கா: பிடித்ததா பிடிக்கவில்லையா, அதைச் சொல்.

தீபா: ரொம்பப் பிடித்தது. பார்னபி அந்த வயதான தோழியை உட்கார வைத்துக் கேட்கிற இடத்தில் அத்தையை நினைத்துக்கொண்டேன். கொலையாளியை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை, கடைசிவரை வேறு ஒருவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வசந்தா அத்தை: முதல் தடவை யாருக்கும் முடியாது. அடுத்தது ‘ரிட்டன் இன் ப்ளட்’, எழுத்தாளர் வட்டத்தில் நடக்கும் கொலை. அப்புறம் ‘டெத் ஆஃப் எ ஹாலோ மேன்’, நாடக மேடையிலேயே ஒரு சாவு. இந்த இரண்டும் பார்த்துவிட்டு மீனா சொல்கிற 2016 கதைக்குத் தாவிப் பார். இரண்டு பார்னபியையும் பக்கத்தில் வைத்து நீயே எடைபோடு.

மீனாக்கா: இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதம் அத்தை.

கார்த்தி: தீபா, மேடைக் கொலைக் கதை மட்டும் நான் வரும்வரை போடாதே. அதை அம்மா பார்த்தபோது பாதியில் எழுந்து போய்விட்டேன். யார் செய்தது என்று இன்னும் தெரியாது.

பெரியம்மா: சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நானும் பார்க்கிறேன்.