நாய்க்குட்டி இரவெல்லாம் அழுகிறது: பக்கத்தில் படுக்க வைப்பதா, அழுது ஓயட்டும் என்று விடுவதா?

புதுவாலு:
எங்கள் வீட்டுக்குக் குட்டி வந்து நான்கு இரவுகள் ஆகின்றன. எட்டு வாரம், பெண் குட்டி, கலப்பினம். பகலில் சாப்பிடுகிறது, விளையாடுகிறது, விழுந்த இடத்தில் தூங்குகிறது, ஒரு குறையும் இல்லை. இரவு ஹாலில் அட்டைப்பெட்டிக்குள் விட்டு, விளக்கை அணைத்து, அறைக்கதவைச் சாத்தியதும் ஆரம்பிக்கிறது. முதலில் சிணுங்கல், அப்புறம் கேவல், கடைசியில் ஊளை. முதல் நாள் ஓடிப்போய்த் தூக்கினேன். இரண்டாம் நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று ஐம்பது நிமிடம் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்து, முடியாமல் போய்த் தூக்கிவிட்டேன். நேற்றிரவு விட்டுவிட்டோம். மூன்று மணிவாக்கில் சத்தம் நின்றது. காலையில் பார்த்தால் பெட்டி முழுக்க ஈரம், அந்த ஈரத்திலேயே சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. வீட்டில் பாதிப் பேர் "விடு, பழகிவிடும்" என்கிறார்கள், பாதிப் பேர் "அறைக்குள் கொண்டு வா" என்கிறார்கள். வளர்த்தவர்கள் சொல்லுங்கள், இன்றிரவு நான் என்ன செய்ய?

பழையகாவல்:
நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி. ஐம்பதாவது நிமிடத்தில் போய்த் தூக்கினீர்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டது. ஐம்பது நிமிடம் அழுதால் ஆள் வருவார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. சில நாள் கிடைத்து சில நாள் கிடைக்காத பரிசுதான் ஒரு பழக்கத்தை அழியாமல் ஊன்றும், உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து எப்போதோ காட்டிவிட்டார். விடுவதென்றால் முழுதாக விட வேண்டும். இரண்டாவது மூன்றாவது நாள் அழுகை கூடும், அடங்குவதற்கு முன்னால் வரும் கடைசி எழுச்சி அது, அதைத் தாங்கிவிட்டால் நான்காம் நாள் குறையும். நான் வளர்த்த மூன்று நாய்களும் அப்படித்தான் வளர்ந்தன. மூன்றும் நிம்மதியான நாய்கள், கடைசி வரை தனியாகத் தூங்கின.

விடியல்நடை:
பழையகாவல் அண்ணா, உங்கள் நாய்கள் நன்றாக இருந்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஸ்கின்னர் கணக்கு இங்கே பொருந்தாது. மேஜைக்குக் கீழே நின்று ஒரு துண்டு கேட்டுக் குரைக்கிற நாய்க்கு அந்தக் கணக்கு சரி. இந்தக் குட்டி எதையும் பேரம் பேசவில்லை, பயந்துபோயிருக்கிறது. நான்கு நாட்களுக்கு முன்பு வரை அம்மாவின் வயிற்றுச் சூட்டில், கூடப்பிறந்தவை மேலும் கீழுமாகக் கிடக்க, மூச்சுச் சத்தத்துக்கு நடுவில் தூங்கியது. இன்று ஒரு இருட்டு ஹால், ஒரு பெட்டி. அந்த வயதில் கூட்டத்தை விட்டுப் பிரிந்த குட்டி சத்தம் போட்டால்தான் பிழைக்கும், அது உடம்பிலேயே எழுதியிருக்கிறது. பயத்துக்கு ஆறுதல் சொன்னால் பயம் வளராது. இன்றிரவே பெட்டியை உங்கள் கட்டிலை ஒட்டி வையுங்கள், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

பழையகாவல்:
கட்டிலை ஒட்டி வைத்தால் நாளைக்குக் கட்டில் மேல் ஏறும். மறுநாள் நீங்கள் வெளியே போனால் வீடே கிடுகிடுக்கும்.

மெத்தைப்பங்காளி:
அண்ணா சொல்வதில் எனக்கு அனுபவம் உண்டு, அதனால் எழுதுகிறேன். நான் முதல் வாரத்திலேயே மெத்தையில் படுக்க விட்டேன். குட்டி ஒரு சத்தம் போடவில்லை, அது உண்மை. ஆனால் இருட்டில் இரண்டு முறை மெத்தையை நனைத்தது, ஒரு முறை விளிம்பிலிருந்து கீழே விழுந்து கால் நொண்டியது, நானோ புரண்டால் நசுக்கிவிடுவேனோ என்று விறைத்துப்போய்ப் படுத்திருப்பேன். இப்போது அதற்கு நான்கு வயது, நான் ஊரில் இல்லாத இரவுகளில் வேறு யாரோடும் தூங்க மறுக்கிறது. பக்கத்தில் வைப்பது வேறு, மெத்தையில் வைப்பது வேறு. புதுவாலு, பக்கத்தில் வையுங்கள், ஆனால் அதற்கென்று ஓர் இடம் இருக்கட்டும்.

ஈரமூக்கு:
கால்நடை மருத்துவமனையில் ஒன்பது வருடமாக உதவியாளர் வேலை பார்க்கிறேன். இந்த விவாதத்தில் ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். அது அழுததற்குப் பாதிக் காரணம் அந்த ஈரத்திலேயே இருக்கிறது.

எட்டு வாரக் குட்டியால் இரவு முழுக்க அடக்க முடியாது. பொதுவாகச் சொல்லும் கணக்கு, எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் அதிகபட்சம் அத்தனை மணி நேரம் தாங்கும். இரண்டு மாதம் என்றால் மூன்று மணி நேரம். தூங்கும்போது இன்னும் கொஞ்சம் நீளலாம், சின்ன இனங்களில் இன்னும் குறையலாம். நாய்க்குட்டிகள் மூன்று வாரத்தில் நடக்கத் தொடங்கியதுமே படுக்கும் இடத்தை விட்டு நகர்ந்துபோய்த்தான் ஒன்றுக்குப் போகும். படுக்கையை நனைக்கக் கூடாது என்ற உணர்வு அதற்கு இயல்பிலேயே உண்டு. அந்த உணர்வைத்தான் நாம் பிடித்துக்கொண்டு வீட்டுப் பழக்கம் கற்றுத் தருகிறோம். "வெளியே விடு" என்று கத்திக் கத்திப் பார்த்து, யாரும் வராமல், கடைசியில் படுக்கையிலேயே போக வேண்டி வந்தால், அதுவே தொடர்ந்தால் அந்த உணர்வு மழுங்கிவிடும். அப்புறம் அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் "முழுதாக விடுங்கள்" என்பதை இந்த வயதுக் குட்டிக்கு நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

பழையகாவல் ஐயா, கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள், உங்கள் மூன்றும் எந்த வயதில் வீட்டுக்கு வந்தன?

பழையகாவல்:
கோபம் எதற்கு. இரண்டு குட்டிகள் நான்கு மாதம் நெருங்கி வந்தவை. ஒன்று மட்டும் இரண்டு மாதத்தில் வந்தது. அதுவும் தாழ்வாரத்தில் எங்கள் பெரிய நாயோடு படுத்தது, இப்போது நினைத்துப் பார்த்தால் அது தனியாக இல்லைதான். சரி, அந்த வேறுபாட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடினால் குரலே அழைப்பு மணியாகிவிடும் என்பதில் நான் மாறவில்லை.

விடியல்நடை:
அந்தப் பெரிய நாய்தான் அண்ணா விஷயமே! குட்டிகளைத் தனியாக விட்டு எதனால் அழுகை அடங்குகிறது என்று 1977-ல் பெட்டிஜான் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். உணவு, பொம்மை, இன்னொரு நாய், மனிதர் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் உணவு ஒன்றுக்கும் உதவவில்லை. மிக நன்றாக அடக்கியது மனிதர் கூட இருப்பதுதான். பெட்டிக்குள் பிஸ்கட் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதிகாலை5:
எல்லாம் சரி, நான் ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவன். கட்டில் பக்கத்தில் வைத்து, அது முனகும்போதெல்லாம் எழுந்தால் நான் வண்டி ஓட்ட முடியாது. தூக்கமில்லாமல் சாலையில் போகிறவன் தனக்கும் ஆபத்து, எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. நாயை நினைக்கிற அளவுக்கு மனிதரையும் நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

ஈரமூக்கு:
நியாயமான கேள்வி. பழையகாவல் ஐயா கவலைப்படும் அழைப்பு மணி விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: அது அழுது உங்களை எழுப்புவதற்கு முன்னால் நீங்கள் அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள்.

எப்படி என்றால், இரண்டு மூன்று இரவுகள் எத்தனை மணிக்கு எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு எழுகிறது என்றால் அலாரத்தை 1.30-க்கு வையுங்கள். எழுந்ததும் பேச்சு வேண்டாம், பெரிய விளக்கு வேண்டாம், மங்கலான ஒரு வெளிச்சம் போதும். தூக்கிக்கொண்டே போங்கள், நடக்க விட்டால் வழியிலேயே முடித்துவிடும். தினமும் ஒரே இடம். கழுத்தில் கயிறு இருக்கட்டும், இல்லையென்றால் ஆட்டமாகிவிடும். வேலை முடிந்ததும் மெதுவாக ஒரு "நல்ல பிள்ளை", திரும்பப் பெட்டி. மொத்தம் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் போகவில்லை என்றாலும் திரும்பிவிடுங்கள். மூன்று இரவு உலர்ந்து கிடந்தால் அலாரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளுங்கள். அப்படியே தள்ளித் தள்ளி விடியற்காலை வரை கொண்டு போய்விடலாம். பெரும்பாலான குட்டிகள் நான்கு மாதத்துக்குள் ஒரே இழுப்பாக ஆறேழு மணி நேரம் தூங்கும். இதில் அழுகைக்கு வேலையே இல்லை, அதனால் அழுதால் ஆள் வருவார் என்ற பாடமும் இல்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முன்னிரவு, ஒருவர் பின்னிரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதிகாலை5, நீங்கள் எழும் நேரமே உங்கள் குட்டிக்குக் கடைசி அலாரம்.

இன்னொன்று, தடுப்பூசிகள் முடியும் வரை, அதாவது ஏறக்குறைய பதினாறு வாரம் வரை, மற்ற நாய்கள் வந்து போகும் தெருவோரத்தில் இறக்காதீர்கள். குட்டிகளுக்குக் கொடிய வாந்தி பேதியைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்கள் வீட்டு எல்லைக்குள் ஒரு மூலை போதும்.

புதுவாலு:
இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. நான் அழுகை எல்லாமே ஒன்று என்று நினைத்திருந்தேன். ஒன்று கேட்கிறேன், பக்கத்தில் வைத்த பிறகும் முனகினால் அது ஒன்றுக்குத்தானா, சும்மாவா என்று எப்படித் தெரியும்?

விடியல்நடை:
முதல் சில நாட்கள் தெரியாது, அதனால் சந்தேகம் வந்தால் வெளியே தூக்கிக்கொண்டு போவதே நல்லது. ஒரு வாரத்தில் காது பழகும். என் குட்டிக்கு ஒன்றுக்கு வரும்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று எழுந்து நின்று, சுற்றி, மூக்கால் தரையைத் தேடி, கூர்மையாகக் கத்தும். தனிமைக்கு அழுவது படுக்கப் போட்ட உடனே வரும், ஏறிக்கொண்டே போகும், விரல்களைப் பெட்டிக்குள் விட்டால் மூக்கை வைத்து முகர்ந்து இறங்கிவிடும். மூன்றாவது ஒன்று உண்டு, அலுப்பு முனகல். பெருமூச்சு, இரண்டு முறை "ம்ம்", புரண்டு படுத்தல். அதற்கு அசையாமல் இருங்கள். பழையகாவல் அண்ணா சொல்லும் "விட்டுவிடு" அந்த மூன்றாவதுக்கு அப்படியே பொருந்தும், அதில் நான் அவரோடு சேர்ந்து நிற்கிறேன்.

மெத்தைப்பங்காளி:
இரவு கெடுவது சாயங்காலத்திலேயே தொடங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு இருபது மணி நேரம் தூங்க வேண்டிய ஜீவன். "பகலில் தூங்கவிடாமல் ஆட வைத்தால் இரவு அசந்து தூங்கும்" என்று நானும் செய்து பார்த்தேன். களைப்பு எல்லை மீறினால் அது தூங்காது, கடிக்கும், வெறி பிடித்ததுபோல் ஓடும், இரவு பத்து மணிக்கு அடங்காத பிள்ளை மாதிரி ஆகிவிடும். ஓட்டம் எல்லாம் இருட்டுவதற்கு முன்னால் முடியட்டும். கடைசிச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால். அப்புறம் மெல்லுவதற்கு ஏதாவது ஒன்று, அமைதியாக. பெட்டியைப் பகலிலும் திறந்து வைத்து உள்ளே சாப்பாடு கொடுங்கள், பகல் தூக்கமும் அங்கேயே. இரவில் மட்டும் அதைக் காட்டினால் பெட்டி என்றாலே பிரிவு என்று ஆகிவிடும்.

பழையகாவல்:
தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும், அதை ஒருவரும் சொல்லவில்லையே.

ஈரமூக்கு:
படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எடுக்கலாம் ஐயா, ஆனால் அதுவரை தாராளமாகக் குடித்திருக்க வேண்டும். புழுக்கமான இரவுகளில் எடுக்கவே கூடாது. கைக்கடக்கமான சின்ன இனக் குட்டிகளுக்குச் சாப்பாட்டு இடைவெளியும் நீளக் கூடாது, இரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும், அவற்றுக்குப் படுக்கும் முன் ஒரு சின்ன வேளை கொடுப்பது நல்லது.

புதுவாலு, அட்டைப்பெட்டியை மாற்றுங்கள். நனைந்தால் ஊறும், கடித்தால் விழுங்கும். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடமுள்ள கூண்டு போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பறையாக்கிவிடும், நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள். கூண்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிய குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவிடமிருந்து ஒரு துணி கிடைத்தால் வாங்கி உள்ளே போடுங்கள், அந்த வாசனைக்கு ஈடு இல்லை. நனைந்த இடத்தை அமோனியா வாடை உள்ள திரவத்தால் துடைக்காதீர்கள், சிறுநீர் வாடை போலவே இருப்பதால் திரும்ப அங்கேயே போகும்.

அரை மணிக்கொரு தரம் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, பேதியோ வாந்தியோ இருந்தாலோ அது தூக்கப் பிரச்சினை இல்லை, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

அதிகாலை5:
அலாரத்தை நானும் வைத்துப் பார்க்கிறேன். என் மனைவி முன்னிரவை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பழையகாவல்:
எல்லாம் சரி, கூண்டு கட்டில் பக்கத்திலேயே எத்தனை காலம்? நான் கேட்பது அது ஒன்றுதான். தனியாக இருக்கப் பழகாத நாய் பின்னாளில் படும் அவஸ்தையை நான் அண்டை வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

விடியல்நடை:
இந்தக் கேள்வி எனக்கும் முக்கியம் அண்ணா. நான் செய்தது இதுதான். இரவு தொடர்ந்து உலர்ந்து கிடந்த பிறகு, கூண்டை வாரத்துக்கு ஓரடி ஈரடி நகர்த்தினேன். கட்டில் பக்கம், அறை நடு, கதவோரம், கதவுக்கு வெளியே. ஒரு கட்டத்தில் சிணுங்கினால் அங்கேயே இன்னும் சில நாள் நிறுத்தினேன். மூன்று மாதத்தில் ஹாலுக்குப் போய்விட்டது. அதோடு பகலில் ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று வேறு அறையில் விட்டுத் திரும்பி வருவேன், அது தூக்கக் கலக்கத்தில் நிதானமாக இருக்கும் நேரமாகப் பார்த்து. தனிமையை வெளிச்சத்தில் கற்றுக்கொடுங்கள், இருட்டில் வேண்டாம்.

பழையகாவல்:
பகலில் பழக்குவது எனக்குச் சம்மதம். முதல் வாரம் பக்கத்தில் வைப்பதும் சம்மதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் நீளம்தான் என்று இப்போதும் சொல்வேன்.

புதுவாலு:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. கூண்டு வாங்கிக் கட்டிலை ஒட்டி வைத்தோம். முதல் இரவு பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் எழுந்தது, நடுவில் இருபது நிமிடம் என் விரலை மூக்கால் தொட்டுக்கொண்டே முனகியது, கை மரத்துப்போனாலும் எடுக்கவில்லை. மூன்றாம் இரவிலிருந்து 1.30 அலாரம். அலாரம் அடிக்கும்போது அது நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது, தூக்கினால் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்கிறது. வெளியே போனதும் உடனே முடித்துவிடுகிறது. நேற்று திரும்பி வந்து படுத்தது 5.10 வரை எழவில்லை. மூன்று இரவாகப் படுக்கை உலர்ந்து கிடக்கிறது.

பழையகாவல்:
மூன்று இரவு உலர்ந்து கிடந்ததா? அப்படியென்றால் இன்றைக்கு 1.45-க்கு வையுங்கள் தம்பி.