பதில்: பதில்: பழைய ஆலைச் சுவர்ல இருக்கற கிராஃபிட்டிக்கு என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம்,

கிராஃபிட்டிக்கு, அதாவது கட்டடத்து மேல யாரோ எழுதிட்டும் வரைஞ்சுட்டும் போறதுக்கு, நம்ம கலைச்சொல் பட்டியல்ல என்ன தமிழ்ச் சொல் போடலாம்னு நடக்கற இந்த இழைய நாலு நாளா படிச்சுட்டு வாயத் திறக்காம இருந்தேன். இன்னைக்கு அக்கா "சட்டவிரோதச் சுவர்க்கிறுக்கல்னு போட்டு முடிச்சிடலாமா"ன்னு கேட்டதும் பொறுக்கல. முடிச்சிடாதீங்க. நான் இப்ப ஒரு பராமரிப்புக் கையேட்ட மொழிபெயர்த்துட்டு இருக்கேன், மூடிப்போன ஆலை, இரும்பு உலை, சுரங்கம் மாதிரி இடங்கள எப்படிக் காப்பாத்தறதுன்னு. அதுல பக்கத்துக்குப் பக்கம் இந்தக் கிராஃபிட்டிங்கற சொல்தான், ஒரு பத்தில வசவு மாதிரி வருது, அடுத்த பத்திலயே பத்திரமா வச்சுக்க வேண்டிய பொருளா வருது. கிறுக்கல்னு போட்டா "கிறுக்கல்களைப் பாதுகாக்கும் முறைகள்"னு ஒரு தலைப்பு வருது பாருங்க, நானே சிரிச்சுட்டேன்.

> மூலச்சொல்லே கீறறதுதானே, கீறல்னே வைக்கலாம்

மூலம் சரி, இத்தாலிய மொழில கீறறதுக்கான சொல்லுலேர்ந்து வந்ததுதான். ஆனா கீறல தொல்லியல்காரங்க எப்பவோ எடுத்துட்டாங்களே, பானை ஓட்டுல இருக்கற குறிகளுக்குக் கீறல் குறியீடுன்னு எழுதறாங்க, ரெண்டு துறையும் பக்கத்துப் பக்கத்து வீடு, குழம்பாம இருக்காது. அதோட ஸ்ப்ரே டப்பாவோட வர்றவன் எதையும் கீறறதில்ல.

> சுவர்த்தீட்டல்?

தீட்டறது நல்ல வினை, ஆனா நம்ம ஆளுங்க ரெண்டே நாள்ல அதச் சுவர்த்தீட்டுன்னு சுருக்கிடுவாங்க, அப்புறம் சுவருக்குப் பரிகாரம் பண்ணச் சொல்லுவாங்க. வேண்டாம்.

> மேல்வரைவு

இத நானே முதல்ல நோட்டுல எழுதி வச்சிருந்தேன், பேங்க்ல ஓவர்டிராஃப்டுக்கு மேல்வரைப்பற்றுன்னு ஒண்ணு இருக்கறது ஞாபகம் வந்ததும் அடிச்சுட்டேன். வரைவுன்னாலே இப்ப "வரைவு அறிக்கை"தான் எல்லாருக்கும் கண்ணுல வருது.

சரி, சொல் சண்டைய விடுங்க. எனக்கு உண்மையான சிக்கல் "சட்டவிரோத" அப்படிங்கற முன்னொட்டுலதான். அனுமதி இருக்கா இல்லையாங்கறது அந்தப் படத்தோட குணம் இல்ல, அந்த நேரத்து நிலைமை. அது மாறும். மாறின கதைங்க நிறைய இருக்கு.

அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல கேரி ஃபர்னஸ்னு ஒரு பழைய இரும்பு உலைக்களம், ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையோட சேர்ந்தது. அது ஓட்டம் நின்னு வெறிச்சோடிக் கிடந்தப்ப, 1997-98 வாக்குல ஒரு கலைஞர் கூட்டம் யாரையும் கேக்காம உள்ள புகுந்து, அங்கயே கிடந்த குழாய், கம்பி, இரும்புச் சாமான வச்சு 40 அடிக்கு மேல ஒரு மான் தலையக் கட்டி நிறுத்திட்டாங்க. ஒரே ராத்திரி வேலை இல்ல, விடுமுறை நாள் விடுமுறை நாளா மாசக்கணக்குல போய் வந்து கட்டினது. சட்டப்படி பாத்தா அத்துமீறல்தான், சந்தேகமே இல்ல. 2006-ல அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமாச்சு. மானப் பிச்சு எறிஞ்சாங்களா? இல்ல, இன்னைக்கு சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு உலையக் காட்டற மாதிரியே மானையும் காட்டறாங்க. இப்ப சொல்லுங்க, அது சட்டவிரோதப் படைப்பா? 1998-ல ஆமா. இப்ப?

நேர் எதிரா இன்னொண்ணு. நியூயார்க்ல ஃபைவ் பாயின்ட்ஸ்னு ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம், தண்ணி மீட்டர் செஞ்ச இடம், வெளிச்சுவர் முழுக்க ஸ்ப்ரே ஓவியம். அங்க வரைஞ்சது உரிமையாளர் அனுமதியோடதான். 2013 நவம்பர்ல அவரே ராத்திரியோட ராத்திரியா வெள்ளையடிச்சுட்டார், அடுத்த வருஷம் கட்டடத்தையே இடிச்சாச்சு. ஓவியர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, 2018-ல 45 ஓவியத்துக்கு, ஒண்ணுக்கு 1,50,000 டாலர் வீதம் 67.5 லட்சம் டாலர் குடுக்கணும்னு தீர்ப்பு, 2020-ல மேல்முறையீட்டுலயும் அதே நின்னுது. ஆக அனுமதி இல்லாதது நிக்குது, அனுமதி வாங்கினது போச்சு. இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு பெயர்லயே "சட்டவிரோத"ன்னு ஒட்டினா, கலைச்சொல் பட்டியல் பண்ற நாம தீர்ப்பு எழுதற வேலைய எடுத்துக்கறோம்னு அர்த்தம்.

மூணாவது, டெட்ராய்ட்ல பேக்கார்ட் கார் தொழிற்சாலை. 2010-ல அந்த இடிபாட்டுக்குள்ள பேங்க்ஸிங்கற தெருக்கலைஞர் ஒரு பையன வரைஞ்சு, இதெல்லாம் மரமா இருந்த காலம் ஞாபகம் இருக்குங்கற மாதிரி ஒரு வரி எழுதிட்டுப் போனார். ஒரு கலைக்கூடத்துக்காரங்க சுவரையே அறுத்து எடுத்துட்டுப் போனாங்க, 2015-ல அது 1,37,500 டாலருக்கு ஏலம் போச்சு. என்னைக் கேட்டா மூணுலயும் மோசம் இதுதான், அந்த வரிக்கு அர்த்தமே சுத்தி இருந்த இடிபாடுதான், அதுலேர்ந்து வெட்டி எடுத்தா மிச்சம் ஒரு சுவர்த் துண்டு. இதுக்கு ஒரு சொல் வேணும்னா தனி இழைல போடுங்க.

இப்ப சுத்தம் பண்ற பக்கம், கையேட்டுல பாதி இதுதான். ஸ்ப்ரே பெயிண்ட்ல இருக்கற கரைப்பான் நிறத்தையும் இழுத்துக்கிட்டு செங்கல்லோட நுண்துளைக்குள்ள இறங்கிடும். அவசரத்துல இன்னொரு கரைப்பான ஊத்தித் தேச்சா இன்னும் உள்ள போகும், மேல இருக்கற நிறம் அழிஞ்சிடும், ஆனா ஒரு மங்கலான நிழல் நின்னுடும். சரின்னு காத்தழுத்தத்தோட மணல வீசி அடிச்சா அதவிட ஆபத்து, சூளைல வெந்த செங்கல்லுக்கு வெளிய ஒரு கெட்டித் தோல் இருக்கு, அது போச்சுன்னா உள்ள இருக்கற மெத்துன்னு இருக்கற பகுதி தண்ணியக் குடிக்க ஆரம்பிச்சுடும். எழுதினவன் பண்ணின சேதத்த விட அழிக்கறவன் பண்ற சேதம் பெருசா ஆகற இடம் இது. முன்கூட்டியே பூசற காப்புப் பூச்சுலயும் ரெண்டு வகை, ஒண்ணு மெழுகு மாதிரி, படத்தோட சேர்ந்து கழுவிட்டு மறுபடி பூசணும், இன்னொண்ணு நிரந்தரம், அது சுவர் மூச்சு விடறத அடைச்சு ஈரத்த உள்ளயே பூட்டி வைக்கும்.

இதையெல்லாம் விட முக்கியம், அழிக்கற ஆளுக்கு எது எதுன்னு தெரியறதில்ல. ஆலை ஓடின காலத்துல வேலை பாத்தவங்க சாக்பீஸால போட்ட கணக்குக் கோடு, பாரம் இவ்வளவுதான்னு ஸ்டென்சில்ல அடிச்ச எழுத்து, எவரோ பேர் முதலெழுத்தக் குடைஞ்சு வச்சது, இதெல்லாம் அந்த இடத்தோட சரித்திரம். அதுமேலதான் 20 வருஷம் கழிச்சு வந்த பையன் ஸ்ப்ரே அடிக்கறான். மேல இருக்கறத எடுக்கப் போய் கீழ இருக்கறதும் போயிடுது. இத ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல ஒரு சொல் இல்லேன்னா வேலைக்கு வர்ற ஆளுக்கு எப்படி எழுதிக் குடுக்கறது?

அதனால என் முன்மொழிவு: *தொழிலெழுத்து*, *பின்னெழுத்து*. ஆலை ஓடினப்ப போட்டது தொழிலெழுத்து. ஓட்டம் நின்னப்புறம் வந்தது பின்னெழுத்து. எழுத்துன்னா அட்சரம் மட்டும்தானான்னு கேப்பீங்க, இல்ல, கோலம் எழுதறோம், கண்ணுக்கு மை எழுதறோம், ஓவியத்தையும் எழுதினதுன்னுதான் பழந்தமிழ்ல சொன்னாங்க. கிராஃபிட்டில படமும் எழுத்தும் ஒண்ணாத்தானே கிடக்கு, இதவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. "சுவர்" வேண்டாம்னு ஏன் சொல்றேன்னா புகைபோக்கி, தொட்டி, கிரேன்னு எல்லாத்துலயும் எழுதறாங்க. அனுமதி சமாச்சாரத்த அடைமொழியா வெளிய வச்சிடலாம்: அனுமதியற்ற பின்னெழுத்து, ஏற்கப்பட்ட பின்னெழுத்து. நிலைமை மாறினா அடைமொழிய மாத்திக்கலாம், பெயர் அப்படியே நிக்கும்.

---

> பின்னெழுத்துன்னா முதுகுப்பக்கம் எழுதினது மாதிரி இருக்கே தம்பி. அப்புறம் அந்த மான் எழுத்தா? ஆலை ஓடறப்பவே எவனாவது வேலி தாண்டி வந்து ஸ்ப்ரே அடிச்சா அது எந்தக் கணக்கு? எனக்கு இன்னும் அத்துமீறல்ங்கறது பெயர்ல இருக்கணும்னுதான் தோணுது, இல்லேன்னா வர்றவனுக்குத் தட்டிக்குடுக்கற மாதிரி ஆயிடும். கூரை ஒடிஞ்ச இடத்துல ஏறி விழுந்து சாகறானுங்க, அதையும் பாக்கணும்ல.

அக்கா, முதுகு சந்தேகம் நியாயம்தான், ஆனா பின்னுரைன்னா யாரும் முதுகுல பேசினதா நினைக்கறதில்லையே, பழகிடும். மான் விஷயத்துல மாட்டிக்கிட்டேன், ஒத்துக்கறேன். அதுக்குப் பொதுவா *பின்படைப்பு*ன்னு வச்சு, அதுக்குக் கீழ பின்னெழுத்து ஒரு வகைன்னு பட்டியல்ல போட்டா சரியா வருமா? ஓடற ஆலைல அடிச்சா? அங்க நான் கோடு போட்டது ஆட்டம் காணுது. "ஆலை ஓடினப்ப"ங்கறத எடுத்துட்டு "ஆலையோட வேலைக்காக, இல்ல வேலை பாத்தவங்க கையால"ன்னு விளக்கத்த மாத்திடறேன், அப்ப வெளியாள் எப்ப வந்து எழுதினாலும் பின்னெழுத்துதான்.

விழுந்து சாகறது பத்தி எனக்கு எதிர்வாதமே இல்ல. ஆனா அத எச்சரிக்கைப் பலகைல எழுதணும், கலைச்சொல் அகராதில இல்ல. ஜெர்மனில ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1994-லயே யுனெஸ்கோ பட்டியல்ல வந்த இடம், அங்க 2011-லேர்ந்து தெருக்கலைக்குன்னே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு கண்காட்சி நடத்தறாங்க, முறையா அழைச்சு. அத்துமீறல்னு பெயர்லயே வச்சா அத என்ன சொல்லி மொழிபெயர்ப்பீங்க, அனுமதிக்கப்பட்ட அத்துமீறலா?

டேக், அதாவது வெறும் கையெழுத்து மாதிரி சுழிச்சுட்டுப் போறது, அதுக்கு மட்டும் கிறுக்கல வச்சுக்கலாம்னு யாரோ நேத்து சொன்னாங்க. எனக்கு மறுப்பு இல்ல, ஆனா அந்தப் பசங்க அதத் தங்க பேருன்னு நினைக்கறாங்க, பேர்ச்சுழின்னு ஒண்ணு தோணுது. அத நாளைக்குப் பாப்போம், கையேட்டுல அந்த அத்தியாயம் இன்னும் வரல.