பாகா பீச் ரிசார்ட் குடும்பத்துக்கு ஒத்து வருமா?

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமாரே, மே லீவுக்கு கோவா போகலாம்னு இருக்கோம். ஆச்சியும் சின்னப் பிள்ளையளும் கூட வாராங்க. பாகா பீச்ல ரிசார்ட் பாத்து வச்சிருக்கேன். அங்க முழுக்க இளவட்டக் கூட்டந்தான்னு மச்சினன் சொல்லுதான். நெசமா?

வள்ளியூர் அண்ணாச்சி:
பாதி நெசம் தம்பி. காலைல பாகா அவ்வளவு அழகு, பிள்ளையள் ஈர மணல்ல குழி தோண்டி விளையாடும். இருட்டினதும் ஊரே மாறிரும். கிளப்பா இருக்க டிட்டோஸ் லேன் தெருப் பக்கம் பாட்டுச் சத்தம், குலசை தசரா மேளம் மாதிரி நெஞ்சுல வந்து இடிக்கும். திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு ராத்திரி 10 மணிக்கு மேல தடை உண்டு. ஆனா கிளப்புக்குள்ள ஆட்டம் நிக்காது, வெளிய பைக் சத்தமும் ஓயாது. ஆச்சி எப்படித் தூங்குவாங்க? கல்யாணம் ஆகாத பயலுவ தாராளமா போட்டும். நீங்க தெற்கு கோவா போங்க, பெனாலிம் இல்லன்னா கோல்வா. திருநெல்வேலி–காந்திதாம் ஹம்சஃபர் ரயில் தெற்கு கோவா மட்காவ் ஸ்டேஷன்ல நிக்கும். அங்கேருந்து கோல்வா ஆறேழு கிலோமீட்டர்தான். பாகாவுக்கு இன்னும் வடக்க ரொம்ப தூரம் போணும்.

தென்காசி மைனி:
மே கடைசின்னா கவனம். மழைக்கு முன்னாடியே கடல் பொங்க ஆரம்பிச்சிரும், பீச் குடிசைக் கடையளையும் பிரிச்சிருவாங்க. செவப்புக் கொடி நட்டிருந்தா பிள்ளையள கால் நனைக்கக்கூட விடாதீங்க.

பாளையங்கோட்டைக்காரன்:
அப்ப கோல்வாவே பாக்கேன். ஆச்சி சுத்த சைவம், சாப்பாடு?

வள்ளியூர் அண்ணாச்சி:
கோல்வாவுல சைவ ஓட்டல் உண்டு தம்பி. பீச்சுக்குப் பக்கத்துல ரூம் எடுத்தா ஆச்சிக்கு நடை மிச்சம்.