புதுப்பிப்பு: நிலாவெளி வீதி விபத்தும் நட்டஈடும்
போன வருஷம் கேட்டிருந்தேன்: திருகோணமலை நிலாவெளி வீதியில வான் ஒன்று எங்கட காரை இடிச்சது, எனக்கு எலும்பு முறியேல்லை, ஆனா அதுக்குப் பிறகு வாகனத்தில ஏறவே பயம், இதுக்கு நட்டஈடு கிடைக்குமோ எண்டு.

கேட்கலாம். வான்காரரின்ர காப்புறுதி நிறுவனம் கார் திருத்தின காசோட "காயம் இல்லைத்தானே" எண்டு முடிக்கப் பார்த்தது. அந்தச் சொல்தான் என்னை ஆகலும் நோகடிச்சது. சட்டத்தரணி அக்கா சொன்னா, வெறும் பயம், கவலை எண்டா வழக்கு நிக்காது, மனநல வைத்தியர் நோயெண்டு உறுதிப்படுத்த வேணுமாம்.

எட்டு மாசமாக் கிளினிக் போறன். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் எண்டு டொக்டர் அறிக்கை தந்திட்டார். இப்பவும் உப்புவெளியில ஆரும் சடுதியா பிரேக் அடிச்சா, சீற்றைப் பிடிச்ச விரல் விறைச்சுப்போகும். அம்மாதான் ஒவ்வொரு விரலா விடுவிச்சு எடுப்பா.

போன கிழமை மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போட்டாச்சு. கவனம், இதுக்குக் காலக்கெடு 2 வருஷம்தான். காப்புறுதிக்காரரோட பேசிக்கொண்டிருக்கிறம் எண்டு அது நிண்டு பார்க்காது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மருந்துத் துண்டு, கிளினிக் போன ஓட்டோக் காசுக் கணக்கு எல்லாம் குடுத்திருக்கிறன்.

நித்திரை வராமல் தவிக்கிற ஆக்கள் 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம். அடுத்த தவணைக்குப் பிறகு எழுதுறன்.