பழைய டர்போ காருக்கு எந்த இன்ஜின் ஆயில் சரி?

எல்லோருக்கும் வணக்கம். என் கார் 2009 மாடல், டர்போ பெட்ரோல். இன்றும் நன்றாக இழுக்கிறது, இந்த இன்ஜினை இன்னும் பல வருடம் ஓட வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கையேட்டில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 (முதல் எண் குளிரில், அடுத்த எண் சூட்டில் ஆயிலின் தடிமனைக் குறிக்கும்) இரண்டும் போடலாம், ஆனால் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) வகுத்த ஏ3/பி4 தரம் இருக்க வேண்டும் என்று உள்ளது. அந்தத் தரம் இருந்தால் 150 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் ஆயிலின் தடிமன் 3.5 மில்லிபாஸ்கல்-செகண்டுக்குக் கீழே போகக் கூடாது. டர்போ பேரிங்குக்கு அதுதானே முக்கியம்? வண்டியை நிறுத்தியதும் அங்கே தங்கும் ஆயில் சூட்டில் கருகிப் படியும் என்பதால், முழு சிந்தெடிக் (செயற்கை) ஆயில் மட்டும்தான் போடுவேன். அதில் சந்தேகமே இல்லை.

குழப்பம் மெக்கானிக் சொன்னதில்தான். "வண்டி பழசாயிடுச்சு, 20டபிள்யூ-50 போடுங்க" என்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அவ்வளவு கெட்டியான ஆயில் டர்போவுக்குத் தாமதமாகப் போய்ச் சேருமே என்று பயமாக இருக்கிறது.

ஆயில் கொஞ்சம் குறைகிறது. அப்புறம், சிக்னலில் சற்று நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது லேசாக நீலப் புகை வருகிறது. கீழே ஒழுகல் எதுவும் இல்லை.

இந்த நிலையில் 5டபிள்யூ-40க்கு மாறினால் ஆயில் குறைவது மட்டுப்படுமா? புகைக்குக் காரணம் வால்வ் சீலா, டர்போ சீலா (ஆயில் கசியாமல் தடுக்கும் பாகங்கள்) என்று டர்போவைக் கழற்றாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? இதேபோன்ற பழைய டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறீர்கள் என்பதையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.