கேரவன் ஆனிங்குக்கு எப்படி அளவெடுப்பது?

கேள்வி: ஊட்டியில் கேரவனுக்கு முழு ஆனிங், அதாவது வண்டியின் பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் மாட்டுற துணிக் கூடாரம் போடணும். வண்டி நீளத்தைச் சொன்னா போதுமா அண்ணா?

பதில்: போதாது தம்பி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி மட்டம் பாருங்க. இழுபடாத கயிறா எடுத்து, முன்பக்கத் தரையில் தொடங்கி ரெயிலை (ஆனிங் துணியைச் செருகுற, வண்டி ஓரத்துக் காடி) ஒட்டியே மேலேற்றி, பின்பக்கத் தரைவரை இறக்குங்க. ரெயில் முடியும் இடத்திலிருந்து நேர்கீழே விடணும். அந்தக் கயிற்றின் நீளம்தான் 'ஏ' அளவு, சென்டிமீட்டரில் சொல்லுங்க. சரிவில் அளந்தா ஒரு பக்கம் துணி புரளும், மறுபக்கம் இடைவெளி விழும்.

பதில்: துணியை மாட்டுறதுக்கு முன்னாடி ரெயிலைத் துடைச்சு சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க. ரெயிலுக்குள்ள போற துணியோட ஓரத்து நாடா சிக்கினா வெடுக்குனு இழுக்காதீங்க, தையல் விட்டுடும். ஊட்டி மழைக்குக் கூரை தொய்யவே கூடாது, தண்ணீர் தேங்கிக் கம்பி வளையும். கூடாரத்தோட முன்கால் ஒன்றைச் சற்றுத் தாழ்த்தினா வடிஞ்சிடும்.

பதில்: துணியைப் பனி ஈரத்தோட மடிக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும்.