உலகளாவிய மாணவர் அமைப்பில் ஒரு சிறு கிளையின் வாக்குக்கு என்ன மதிப்பு?

பாளைக் கிளைச் செயலர்:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்வி உரிமைக்காக முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் ஒரு மாணவர் அமைப்பின் உள்ளூர்க் கிளைக்குச் செயலராகவும் இருக்கிறேன். எங்கள் கிளையில் 36 பேர். பாதிப் பேர் அம்பாசமுத்திரம், ஆலங்குளம், நாங்குநேரிப் பக்கமிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவர்கள். தலைமையகம் இப்போது அமைப்பின் சட்டதிட்டத்தை முழுவதுமாகத் திருத்தி எழுதுகிறது. வாக்குரிமை பற்றி இரண்டு வரைவுகளை அனுப்பி, இம்மாத இறுதிக்குள் ஒவ்வொரு கிளையும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதல் வரைவின்படி நாட்டுக்கு ஒரு வாக்கு. இரண்டாவதன்படி உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ற வாக்கு.

சென்ற பொதுக்குழு இணையவழியில் நடந்தது. உலகப் பொது நேரம் இரவு எட்டு மணி என்று அழைப்பில் இருந்தது. நமக்கு அது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. விடுதியில் வைஃபை பதினொரு மணிக்கே நின்றுவிடும் என்பதால் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பேசி டேட்டாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 42 பக்க ஆங்கில ஆவணம் இரண்டு நாள் முன்னர்தான் வந்திருந்தது. கிளையில் என்னையும் சேர்த்து மூன்று பேர் அதைப் படித்திருப்போம். சந்தா உயர்வுத் தீர்மானம் வந்தபோது தலைவர் ‘மறுப்பு உண்டா?’ என்று கேட்டார். நான் மைக்கைத் திறப்பதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். கூட்டக் குறிப்பில் அத்தீர்மானம் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று ஏறியிருக்கிறது.

இரண்டு வரைவுகளில் எதை ஆதரிப்பது எங்களைப் போன்ற சிறு கிளைக்கு நல்லது? வேறு ஏதேனும் முறை உண்டா? அமைப்பு வேலைகளில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அபிஷேகப்பட்டி ஆய்வாளர்:

இரண்டு வரைவுகளிலுமே உங்களுக்கு நட்டம்தான். நாட்டுக்கு ஒரு வாக்கு என்றால் இந்தியாவின் அந்த ஒரே வாக்கு தேசியக் குழுவின் கையில் இருக்கும்; பாளையங்கோட்டையில் 36 பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது அதில் எங்கே தெரியும்? ஐ.நா. பொதுச்சபை இந்த முறையில்தான் நடக்கிறது என்றாலும், அங்கே உறுப்பினர்கள் அரசுகள். மாணவர் அமைப்பில் உறுப்பினர்கள் மனிதர்கள். மறுபுறம், தலைக்கணக்கில் வாக்கு என்றால் இரண்டு மூன்று பெரிய கிளைகள் சேர்ந்து மற்ற எல்லாரையும் ஓரங்கட்டிவிடலாம்.

இடையில் ஒரு வழி உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த லயனல் பென்ரோஸ் என்பவர் 1946-இல், உலக அமைப்பு ஒன்றில் ஒவ்வொரு நாட்டின் வாக்கும் அதன் மக்கள்தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். உங்கள் கிளையில் 36 பேர் என்றால் 6 வாக்கு. 400 பேர் உள்ள கிளைக்கு 20. 2500 பேர் உள்ள கிளைக்கு 50. தலைக்கணக்கில் பெரிய கிளை உங்களைப் போல் ஏறத்தாழ எழுபது மடங்கு பலம் பெறும். இந்த முறையில் அது எட்டு மடங்காகக் குறைகிறது. பெரியவர்கள் பெரியவர்களாகவே இருப்பார்கள், ஆனால் உங்களைக் கேட்காமல் காரியம் நடக்காது.

இன்னொன்று இரட்டைப் பெரும்பான்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் அவையில் பெரும்பாலான முடிவுகளுக்கு உறுப்பு நாடுகளில் 55 விழுக்காடும், ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 விழுக்காடும் சேர்ந்து ஆதரவு தர வேண்டும். அன்றாட முடிவுகளுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. சட்டதிட்டத் திருத்தம், சந்தா, கிளையை நீக்குதல் ஆகிய மூன்றுக்கும் மட்டும் கேளுங்கள்.

எந்த முறையானாலும் உறுப்பினர் எண்ணிக்கையை யார் சரிபார்க்கிறார்கள் என்று வரைவில் பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் பட்டியல் ஊதிப் பெருத்துவிடுவது நம் ஊர்ச் சங்கங்களில் பார்க்காததல்ல. வாக்களிக்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்னதாக ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்குள்ள பட்டியலே செல்லும் என்று எழுதிவிட வேண்டும்.

மானூர் அண்ணாச்சி:

தம்பி, நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வர்க்கமூலக் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் சிக்கல் வாக்கின் எடையில் தொடங்கவில்லை. அன்றிரவு உங்கள் கையில் ஆறு வாக்கு இருந்திருந்தாலும் அறுபது இருந்திருந்தாலும் மைக்கைத் திறப்பதற்குள் தீர்மானம் நிறைவேறியிருக்கும். வாக்கு என்பது கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் நிகழ்ச்சி நிரலை யார் எழுதினார், எத்தனை நாள் முன்னால் அனுப்பினார், எந்த மொழியில் அனுப்பினார், அதன் பேரில் கிளை கூடிப் பேச வழி இருந்ததா என்பதிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது.

முதல் வேலையாக அந்தக் கூட்டக் குறிப்புக்கு மறுப்பு எழுதுங்கள். கூட்டக் குறிப்பு அடுத்த கூட்டத்தில் உறுதி செய்யப்படும் வரை வெறும் வரைவுதான். ‘இன்ன தேதிக் கூட்டத்தில், இன்ன பொருளின் மீது, எங்கள் கிளைப் பிரதிநிதி மறுப்புத் தெரிவிக்க முயன்றார், வாய்ப்பு அளிக்கப்படவில்லை, ஆகவே ஏகமனதாக என்ற சொல்லை நீக்கக் கோருகிறோம்’ என்று நான்கு வரி போதும். காரசாரமாக எழுத வேண்டாம். அந்தத் தீர்மானம் இதனால் செல்லாமல் போய்விடாது. ஆனால் அடுத்த முறை தலைவர் ‘மறுப்பு உண்டா?’ என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் மூச்சுவிடுவார்.

பழைய சபை என்று யாராவது பேச ஆரம்பித்தால் எல்லாரும் உத்திரமேரூருக்கே பேருந்து ஏறிவிடுகிறார்கள். சங்கரன்கோவில் சாலையில் திருநெல்வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிற எங்கள் மானூரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. வயது ஏறத்தாழ 1200 ஆண்டு, உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டை விட மூத்தது. சபையில் யார் பேசலாம் என்ற விதி அதில் வருகிறது. அதோடு, எந்தக் காரியம் வந்தாலும் ‘அன்று, அன்று’ (அதாவது ‘அல்ல, அல்ல’) என்று சொல்லிக் குத்துக்கால் போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். கூட்டம் நடத்துவதற்கு எழுத்தில் விதி வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

ஹைகிரவுண்டு மருத்துவ மாணவி:

அண்ணாச்சி சொன்னதில் முன்பாதியை அப்படியே ஏற்கிறேன்; மானூரை ஏற்க முடியவில்லை. அந்தச் சபையில் பேசுவதற்கு ஊரில் நிலப்பங்கும் வேதக் கல்வியும் வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில்தானே இருக்கிறது? நானோ, செயலரோ, அவருடைய கிளையில் பேருந்தில் வந்துபோகும் பிள்ளைகளோ அங்கே வாய் திறந்திருக்க முடியாது. மேலும், எதற்கும் ‘அன்று’ என்று சொல்பவருக்குத் தண்டம் என்ற விதி இன்றைய தலைவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும். உங்கள் தலைவர் செய்ததும் ஒரு வகையில் அதுதான்; காசு மட்டும் வாங்கவில்லை.

மருத்துவ மாணவர்களுக்கு 1951-இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் பொதுக்குழு ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் ஆகஸ்டிலும், வெவ்வேறு நாடுகளில் கூடும். நேரில் கூடும் எந்த அமைப்பிலும் வாக்குக்கு முன்னால் விசா நிற்கிறது, விசாவுக்கு முன்னால் விமானக் கட்டணம் நிற்கிறது. என் தோழி ஒருத்தி இப்படி ஒரு மாணவர் மாநாட்டுக்குத் தேர்வாகி, வங்கிக் கணக்கில் போதிய இருப்புக் காட்ட முடியாததால் விசா கிடைக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவளுடைய இடத்தில் வசதியுள்ள இன்னொருவர் போனார். சட்டதிட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை இவை என்று எனக்குத் தோன்றுகிறது. விவாதத்தையும் வாக்கெடுப்பையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். விவாதம் கூட்டத்தில் நடக்கட்டும். வாக்குப்பதிவு அதற்குப் பிறகு மூன்று முழு நாட்கள் இணையத்தில் திறந்திருக்கட்டும். அப்போது ஒன்றரை மணிக்கு விழித்திருந்தவர் மட்டும் முடிவு செய்கிற நிலை போய்விடும். கூட்ட நேரத்தையும் சுழற்சியில் வைக்க வேண்டும்: ஒரு முறை ஆசியாவுக்கு வசதி, அடுத்து ஆப்பிரிக்கா, ஐரோப்பாவுக்கு, அடுத்து அமெரிக்கக் கண்டங்களுக்கு. எல்லாருக்கும் முறை வைத்துத் தூக்கம் கெடட்டும்.

கல்லிடை தணிக்கையாளர்:

பணத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

உலக மாணவர் அமைப்புகளின் வரலாற்றில் பெரிய அடி பணத்தால்தான் விழுந்தது. 1946-இல் பிராகில் சர்வதேச மாணவர் ஒன்றியம் தொடங்கியது. அது சோவியத் பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்லி, 1950-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய மேற்கத்திய மாணவர் சங்கங்கள் சர்வதேச மாணவர் மாநாடு என்ற போட்டி அமைப்பை உருவாக்கின. அதன் செயலகம் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயங்கியது. அதற்குப் பல அறக்கட்டளைகள் வழியாக அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் பணம் வந்துகொண்டிருந்தது 1967-இல் ராம்பார்ட்ஸ் இதழ் மூலம் வெளிவந்தது. இரண்டே ஆண்டில், 1969-இல், அமைப்பு கலைந்தது. மாநாட்டுக்கு வந்து கை உயர்த்திய மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பயணச்சீட்டுக்கு யார் பணம் கொடுத்தார் என்பதே தெரியாது. எவ்வளவு நேர்த்தியான வாக்குமுறை இருந்தால்தான் என்ன? ஆகவே தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கும், நன்கொடையாளர் பெயர்களும் பொதுக்குழுவுக்கு முன்பே ஒவ்வொரு கிளைக்கும் வர வேண்டும் என்று வரைவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சந்தாவையும் வாக்கையும் முடிச்சுப் போடும் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ.நா. சாசனத்தின் 19-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுத் தொகை அளவுக்குப் பாக்கி சேர்ந்தால் வாக்குரிமை போகும், ஆனால் நாட்டின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் இருந்தால் பொதுச்சபை விலக்குத் தரலாம். மாணவர் அமைப்புகள் சில முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிடுகின்றன. சந்தா உயர்வு உங்களைக் கேட்காமல் நிறைவேறியது என்கிறீர்கள். அதற்கும் வாக்குரிமைக்கும் தொடர்பிருந்தால் நாளை உங்கள் கிளையே வாக்கிழக்கும்.

நம் பக்கத்துச் சட்டமும் ஒன்று. தலைமையகம் ‘கிளை வளர்ச்சி நிதி’ என்று வெளிநாட்டிலிருந்து ஏதாவது அனுப்ப முன்வந்தால் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அப்படிப்பட்ட பணத்தைப் பெறக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு இருந்தால்தான் வாங்கவே முடியும். ஒரு சங்கம் வாங்கி இன்னொரு சங்கத்துக்குக் கொடுப்பதும் இப்போது கூடாது. தேசியக் குழு வாங்கிப் பாளைக்கு அனுப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே பதிவு செய்வதாக இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் போதும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. மாணவர்கள் இரண்டு ஆண்டில் படிப்பை முடித்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் என்பதால் நீங்கள் ஓராண்டு என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மானூர் அண்ணாச்சி:

மருத்துவ மாணவி சொன்னது சரிதான் அம்மா. நிலமும் வேதமும் இல்லாதவருக்கு அந்தச் சபையில் இடமில்லை. எங்கள் குடும்பத்துக்கும் இருந்திருக்காது. விதியைக் கல்லில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடலாம்.

தம்பிக்கு இன்னும் ஒரு சொல். பொதுக்குழுவுக்குப் போகிற பிரதிநிதிக்குக் கிளை என்ன சொல்லி அனுப்புகிறது என்பதை எழுத்தில் வையுங்கள். எந்தப் பொருளில் கிளை சொன்னபடியே வாக்களிக்க வேண்டும், எதில் நிலைமையைப் பார்த்து அவரே முடிவெடுக்கலாம் என்று பிரித்து எழுத வேண்டும். திரும்பி வந்தவுடன் ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். தலைமையகம் உங்களிடம் நடந்துகொண்டதைப் போல நீங்கள் ஆலங்குளத்துப் பிள்ளைகளிடம் நடந்துகொள்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். உங்கள் கிளைக் கூட்டம் எத்தனை மணிக்கு?

பாளைக் கிளைச் செயலர்:

அனைவருக்கும் நன்றி. அண்ணாச்சியின் கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. எங்கள் கிளைக் கூட்டம் மாலை ஆறரைக்குத்தான் வழக்கம். அந்த நேரத்துக்கு ஊர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கிளம்பியிருப்பார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சென்ற ஆண்டில் அம்பாசமுத்திரம் பக்கத்து உறுப்பினர் ஒருவர்கூட இரண்டு கூட்டத்துக்கு மேல் வரவில்லை.

எனவே இந்த முறை மதிய இடைவேளையில், கல்லூரி வேப்பமரத்தடியில் கூடினோம். 29 பேர் வந்தார்கள். சட்டதிட்ட வரைவின் வாக்குரிமைப் பகுதியை நான்கு பேர் பிரித்துக்கொண்டு முந்தைய வாரமே தமிழில் சுருக்கி எழுதி, தட்டச்சு செய்து நகலெடுத்துக் கொடுத்துவிட்டோம். இரண்டு வரைவுகளையும் ஏற்பதில்லை, வர்க்கமூல முறையை முன்மொழிவது என்பதற்கு 17 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நான்கு பேர் இரண்டு பக்கமும் சேரவில்லை. எதிர்த்தவர்கள் சொன்ன காரணம், ஆளுக்கொரு வாக்கு என்பதை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது. அவர்களுடைய கருத்தையும் தனிப் பத்தியாகக் கடிதத்தில் சேர்த்திருக்கிறோம். முழு ஆவணமும் முப்பது நாள் முன்னதாக வர வேண்டும், வாக்குப்பதிவு மூன்று நாள் திறந்திருக்க வேண்டும், நேரம் சுழற்சியில் வர வேண்டும், கணக்கு முன்கூட்டியே வர வேண்டும் என்ற நான்குக்கும் எதிர்ப்பே இல்லை. சந்தாப் பாக்கி பற்றிய பிரிவைத் தேடிப் பார்த்தோம். தணிக்கையாளர் ஐயா சந்தேகப்பட்டபடியே 31-ஆம் பக்கத்தில் இருக்கிறது. விலக்கு என்ற பேச்சே அதில் இல்லை. அதையும் எழுதியிருக்கிறோம்.

கூட்டக் குறிப்பு மீதான மறுப்பை நேற்றிரவு அனுப்பினேன். ‘பெறப்பட்டது’ என்று இன்று காலை ஒரு வரி வந்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவுக்கான அழைப்பும் கூடவே வந்தது. அதிலும் உலகப் பொது நேரம் இரவு எட்டு மணி என்றுதான் இருக்கிறது.